தோல் தைச்ச கை

ஆயில் சீல்னா என்னன்னு தெரியாத தோழர்களுக்கு முதல்ல அதைச் சொல்லிடறேன். ஒரு தண்டு சுத்திக்கிட்டே இருக்கும். அதுக்கு ஒரு பக்கம் எண்ணெய். இன்னொரு பக்கம் மண்ணு, சேறு, தண்ணி. எண்ணெய் வெளிய வரக்கூடாது, மண்ணு உள்ள போகக்கூடாது, ஆனா தண்டு நிக்காம சுத்தணும். இந்த மூணு காரியத்தையும் பாக்கிறது உள்ளங்கை அளவு ஒரு ரப்பர் வளையம். வெளிப்பக்கம் இரும்புத் தகடு. உள்பக்கம் மெல்லிசா ஒரு உதடு. அந்த உதட்டைத் தண்டோட அணைச்சுப் புடிக்கிறதுக்கு நூல் மாதிரி ஒரு ஸ்பிரிங். அவ்வளவுதான் அதோட உடம்பு. அது தேஞ்சு போச்சுன்னா ஒன்றரை டன்னுக்கு மேல கனமுள்ள டிராக்டருக்கு பிரேக் புடிக்காது, கிளட்ச் வழுக்கும், பின்னால கலப்பை தூக்காது.

இதைப் போய் ஒரு தலித் பத்திரிகையில எழுதணுமான்னு கேக்கலாம். எழுதணும். ஏன்னு கடைசி வரைக்கும் படிச்சா தெரியும்.

நான் ராயக்கோட்டைப் பக்கம் ஒரு காலனிக்காரன். ஓசூர் போற ரோட்டுல தகரக் கொட்டாய் போட்டு இருபது வருஷத்துக்கு மேல டிராக்டர் வேலை பாக்கிறேன். வீட்ல தெலுங்கு, வெளிய தமிழ், ஓசூர் தாண்டினா கன்னடம். எங்களை அருந்ததியர்னு இன்னைக்கு எழுதறாங்க. ஊர்ல கூப்பிட்ட பேரு வேற. அந்தப் பேரை இங்க நான் எழுதப் போறதில்ல, படிக்கிறவங்களுக்குத் தெரியும்.

எங்க தாத்தா தோல் தைச்சவர். மோட்டார் வராத காலத்துல இந்தப் பக்கம் கிணத்துத் தண்ணி எல்லாம் கவலையிலதான் ஏறும். கபிலைன்னும் சொல்லுவாங்க. ரெண்டு மாடு சரிவுல இறங்கும், கிணத்துக்குள்ள இருந்து தோல் பறி தண்ணியோட மேல வரும். அந்தப் பறியைத் தைக்கிறது எங்க ஆளுங்க வேலை. செத்த மாட்டைத் தூக்கறதுல இருந்து தொடங்கும். தோல் உரிக்கணும், சுண்ணாம்புல போட்டு மயிர் கழிக்கணும், ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்ட தண்ணியில நாள் கணக்கா ஊறவைக்கணும். அப்புறம் அளவு பாத்து வெட்டி, தண்ணி சொட்டாம தைக்கணும். சொட்டுச்சுன்னா தைச்சவனுக்கு அடி. மாடு மேல ஏறி வர்றதுக்குள்ள பாதித் தண்ணி கிணத்துலயே விழுந்தா யார் விடுவாங்க? அதனால தையல்ல ஒரு ஊசி ஓட்டைகூட கசியாம பாக்கிற கணக்கு எங்க தாத்தா விரல்ல இருந்துச்சு. தோல் வறண்டு வெடிக்காம இருக்க எண்ணெய் காட்டணும். எவ்வளவு காட்டணும், எப்ப நிறுத்தணும், எல்லாம் தெரியும்.

கூலி காசா கெடையாது. அறுப்புக்கு அறுப்பு களத்துமேட்டுல துண்டை விரிச்சு நிக்கணும். தூரத்துல நின்னு கேழ்வரகைக் கொட்டுவாங்க.

இதுல ஒரு விஷயத்தை நான் சின்ன வயசுலயே கேட்டேன். நாயனாகிட்டதான் கேட்டேன். "நம்ம தாத்தா தைச்ச பறியில வர்ற தண்ணியைத்தான ஊரே குடிக்குது? அந்தப் பறி கிணத்துக்குள்ள போலாம், நாம ஏன் கிணத்துக்கிட்ட போகக்கூடாது?" நாயனா பதில் சொல்லல. பதில் இல்லாத கேள்விக்கு என்ன சொல்லுவார்? செத்த மாட்டுத் தோலு தீட்டு இல்ல. அதைத் தைச்ச கை தீட்டு. இதுக்கு எந்த சாஸ்திரத்துலயும் கணக்கு வராது, களத்துமேட்டுலதான் வரும்.

கரண்டு மோட்டார் வந்தது. டீசல் என்ஜின் வந்தது. கவலை நின்னு போச்சு. தோல் தைச்ச குடும்பங்க எல்லாம் பண்ணையாள் ஆனாங்க. ஒரு தொழில் போன இடத்துல இன்னொரு தொழிலை யாரும் கையில குடுக்கல. கையில இருந்த கணக்கு அப்படியே மண்ணோட போச்சு.

இப்ப ஒரு வெளிநாட்டுச் சங்கதி சொல்றேன். ஜெர்மனியில வைன்ஹைம்னு ஒரு ஊர். 1849-ல் கார்ல் யோஹான் ஃப்ராய்டன்பெர்க் என்கிறவர் அங்க ஒரு தோல் பதனிடும் ஆலையை எடுத்து நடத்த ஆரம்பிச்சார். எண்பது வருஷம் தோல் வேலை. 1929 வாக்குல உலகம் பூரா பொருளாதாரம் படுத்தப்ப தோலும் படுத்துது. கையில இருந்த தோலை வச்சு என்ன செய்யலாம்னு பாத்து, இயந்திரங்களுக்குத் தோல் சீல் செய்ய ஆரம்பிச்சாங்க. 1930-களோட தொடக்கத்துல வால்டர் சிம்மர் என்கிற என்ஜினியரோட சேர்ந்து, தகட்டு வளையத்துக்குள்ள தோல் உதடு வச்சு, ஸ்பிரிங் போட்டு, சுத்தற தண்டுக்கு ஒரு சீல் கொண்டு வந்தாங்க. அவர் பேராலயே அதுக்கு சிம்மரிங்னு பேர். 1936 வாக்குல தோலை எடுத்துட்டு செயற்கை ரப்பர் வச்சாங்க. இன்னைக்கு நான் கடையில வாங்கற ஆயில் சீலுக்கு அதுதான் பாட்டன் முப்பாட்டன்.

ஆக, ஆயில் சீல் பொறந்தது தோல்ல. தோல் பதனிடறவன் கையில.

அங்க தோல் பதனிட்டவன் உலகக் கம்பெனி ஆனான். இங்க தோல் பதனிட்டவன் பண்ணையாள் ஆனான். அங்க சாதி இல்ல, அதனால வளர்ந்தாங்கன்னு சுலபமா சொல்லிட்டுப் போக முடியாது. அதே கம்பெனிதான் ஹிட்லர் காலத்துல, சாக்சன்ஹௌசன் வதைமுகாம்ல, புதுப் பொருள்ல செஞ்ச செருப்புகளைக் கைதிகள் கால்ல மாட்டி நாள் பூரா நடக்கவச்சு தேய்மானம் பாத்த கம்பெனிகள்ல ஒண்ணு. கம்பெனியே ஒரு வரலாற்று ஆசிரியரை வச்சு ஆராய்ச்சி பண்ணி அதை வெளிய சொல்லியிருக்கு. அங்கயும் யாரோ ஒருத்தனைக் கீழ போட்டு மிதிச்ச கதை இருக்கு. ஆனா ஒரு வித்தியாசம் உண்டு. தோல் தொட்டதுக்காக ஃப்ராய்டன்பெர்க்கை யாரும் ஊருக்கு வெளிய வைக்கல. படிக்காதே, பேங்குக்கு வராதேன்னு சொல்லல. தோல்ல இருந்து ரப்பருக்குப் போற வழியை யாரும் அடைக்கல. எங்களுக்கு அடைச்சாங்க.

நான் 1988-ல், பதினஞ்சு வயசுல, ஓசூருக்குப் போனேன். அப்ப ஓசூர் வேற மாதிரி ஊர் ஆகிட்டு இருந்துச்சு. 1970-கள்ல சிப்காட் வந்துச்சு. 1980-ல் அசோக் லேலண்ட் ஆலை, அதே வருஷம் டி.வி.எஸ். மொபெட். கேட்டுக்குள்ள போக ஐ.டி.ஐ. சர்டிபிகேட் கேட்டாங்க. நான் எட்டாவது. அதனால வெளிய, ரோட்டோரம், ஒரு டிராக்டர் ஒர்க்‌ஷாப்புல சேர்ந்தேன். பேர் வேணாம். அங்க எனக்குன்னு ஒரு தனி டம்ளர் இருந்துச்சு, டீசல் டின்னுக்குப் பக்கத்துல கவுத்து வச்சிருப்பாங்க. எனக்குக் குடுத்த வேலை கழுவறது. பிரிச்ச சாமான் எல்லாத்தையும் டீசல்ல போட்டுக் கழுவி, துடைச்சு, வரிசையா வைக்கணும். ஸ்பேனர் தொடக்கூடாது. மூணு வருஷம் கழுவினேன்.

கழுவறவனை மட்டமா நினைச்சாங்க. ஆனா எந்தச் சாமான் எங்க தேஞ்சிருக்குன்னு கழுவறவனுக்குத்தான் தெரியும். பல்லு எந்தப் பக்கம் மழுங்கியிருக்கு, பேரிங் எங்க பொரிஞ்சிருக்கு, தண்டுல எங்க கோடு விழுந்திருக்கு, எல்லாம் என் விரல்ல படும். மேல நின்னு பாக்கற மேஸ்திரிக்கு அது படாது. கிருஷ்ணகிரியில இருந்து வந்து வேலை பாத்த பாய் ஒருத்தர் இதைக் கவனிச்சார். அவர்தான் முதல்ல என் கையில ஸ்பேனர் குடுத்தவர். "தம்பி, எல்லாரும் சீலைப் பாக்கறாங்க. நீ தண்டைப் பாரு"ன்னு சொன்னார். அந்த ஒரு வார்த்தையிலதான் நான் இன்னைக்கு வரைக்கும் சோறு தின்றேன்.

இனி எங்க டிராக்டர் கதைக்கு வர்றேன்.

நிலத்தைப் பத்தி நம்ம பத்திரிகைகள்ல நிறைய எழுதியாச்சு. 1892-ல் குடுத்த பஞ்சமி நிலம் யார் கையில இருக்குன்னு கேட்டாச்சு. 1994 அக்டோபர்ல செங்கல்பட்டுல துப்பாக்கிச் சூட்டுல ஜான் தாமசும் ஏழுமலையும் அந்த நிலத்துக்காக உயிர் விட்டாங்க. ஆனா நிலம் கைக்கு வந்த பிறகு அதை உழறது எப்படின்னு யாரும் எழுதினதா எனக்கு நினைவு இல்ல. எங்க காலனியில ஏழு குடும்பத்துக்கு அரை ஏக்கர், ஒரு ஏக்கர்னு பட்டா நிலம் இருக்கு. வானம் பாத்த பூமி. ஆனி, ஆடியில மழை பெய்ஞ்சா ரெண்டு மூணு நாள்ல உழுது கேழ்வரகு போட்டுடணும். ஈரம் காஞ்சா போச்சு. மாடு யார்கிட்டயும் இல்ல. டிராக்டர் எல்லாம் ஊர்க்காரங்ககிட்ட. பணம் கையில வச்சுக்கிட்டுதான் நிப்போம், கடன் கேக்கல. "எங்க வேலை முடியட்டும், அப்புறம் பாக்கலாம்"னுவாங்க. அவங்க வேலை முடியும்போது எங்க மண்ணு கல்லாகி இருக்கும். யாரும் அடிக்கல, திட்டல, வன்கொடுமைன்னு கேஸ் போட ஒண்ணும் இல்ல. கடைசியா உழுதாங்க, அவ்வளவுதான். வருஷா வருஷம் கடைசியா உழுதாங்க.

2017-ல் ஏழு குடும்பமும் பணம் போட்டு ஒரு பழைய மாஸி பெர்குசன் 1035 வாங்கினோம். சென்னையில 1960-ல் தொடங்கின டாஃபே கம்பெனி வண்டி, சிம்சன் என்ஜின், மூணு சிலிண்டர். முப்பது வருஷத்துக்கு மேல ஓடி, காயலான் கடைக்குப் போகவேண்டியது. வலது பக்கம் பிரேக்கே இல்ல. பின் சக்கரத்து உள்பக்கம் எண்ணெய் வழிஞ்சு மண்ணோட களிமாதிரி ஒட்டி இருந்துச்சு. என்ஜினும் கியர்பாக்ஸும் சேர்ற இடத்துல அடியில ஒரு சின்ன ஓட்டை இருக்கும், அதுல இருந்தும் சொட்டிக்கிட்டே இருந்துச்சு.

ரெண்டும் வேற வேற நோய். அடியில சொட்டறது கிராங்க் பின் சீல். இந்தப் பழைய என்ஜின்ல அது ரப்பர் இல்ல, கிராஃபைட் பூசின கயிறு. ரெண்டு அரைவட்டத் தகட்டுக்குள்ள கயிறை அழுத்தி வச்சிருப்பாங்க. அதை மாத்த டிராக்டரையே நடுவுல ரெண்டா பிரிக்கணும். சக்கரத்துல வழியறது பின் ஆக்ஸில் சீல். இந்த வண்டியில கியர்பாக்ஸ், ஹைட்ராலிக், ஆக்ஸில் எல்லாத்துக்கும் ஒரே எண்ணெய், சுமார் 30 லிட்டர். சக்கரத்துல கசிஞ்சா முதல்ல பிரேக் போகும், அப்புறம் எண்ணெய் குறைஞ்சு கலப்பை தூக்கறது போகும். மேட்டுக் காட்டுல பிரேக் இல்லாத டிராக்டர் ஓட்டினா ஆள் சாவான்.

வைகாசி கடைசியில ஆரம்பிச்சோம். காலனிப் பசங்க மூணு பேரைக் கூட வச்சுக்கிட்டேன். ஜாக்கி போட்டுத் தூக்கி, ஆக்ஸிலுக்கு அடியில மரக்கட்டை குடுத்தோம். ஜாக்கியை மட்டும் நம்பி எவனும் வண்டிக்கு அடியில போகக்கூடாது. பின் டயருக்குள்ள பாரத்துக்காகத் தண்ணி ரொப்பி இருக்கும். ஒரு சக்கரத்தை உருட்ட நாலு பேர் வேணும். டிரம்மைக் கழட்டினா பிரேக் ஷூ எண்ணெயில ஊறிக் கிடந்துச்சு. பெட்ரோல்ல கழுவி எரிச்சு மறுபடி போடறவங்க உண்டு. அது வேலைக்கு ஆகாது. ஊறின லைனிங் சூடானா உள்ள இருக்கிற எண்ணெய் மறுபடி வெளிய வரும். புதுசுதான் போடணும்.

பிரேக் தட்டோட சேர்த்து ஷாஃப்டை வெளிய இழுத்தோம். பேரிங் நகராம இருக்க ஒரு காலர் இருக்கும். கம்பெனியில சூடு பண்ணி ஏத்தினது, ஆறினதும் தண்டைக் கவ்விப் புடிச்சிருக்கும். துளை போட்டு, உளியால பொளந்துதான் எடுக்கணும். தண்டு மேல உளி படக்கூடாது. பட்டா ஷாஃப்டே வீண். இதைப் பண்ண ஒன்றரை மணி நேரம் ஆச்சு.

பழைய சீலை எடுத்துப் பசங்க கையில குடுத்தேன். உதடு கல்லு மாதிரி இருந்துச்சு. ரப்பர் சூட்டுலயும் வயசுலயும் இறுகிப் போகும், வளையாது, அப்புறம் தண்டோட ஒட்டாது. "புதுசு போட்டா சரியாயிடுமா மாமா?"ன்னு ஒருத்தன் கேட்டான். ஷாஃப்டைத் துடைச்சு, அவன் நகத்தை அது மேல வச்சு இழுக்கச் சொன்னேன். நகம் ஒரு இடத்துல சிக்குச்சு. முப்பது வருஷம் அந்த உதடு ஒரே இடத்துல உரசி, இரும்புல பள்ளம் போட்டிருக்கு. ரப்பர் இரும்பைத் தேய்ச்சிருக்கு. நம்ப முடியாது, ஆனா அதான் நடக்கும். ரப்பரோட தூசி சேருது, தூசிதான் தேய்க்குது. அந்தப் பள்ளத்து மேலயே புதுச் சீலை வச்சா ஒரு போகம்கூட தாங்காது. பேரிங்கையும் ஆட்டிப் பாத்தோம், ஆட்டம் இருந்துச்சு. பேரிங் ஆடினா தண்டு ஆடும், தண்டு ஆடினா எந்தச் சீலும் நிக்காது. உள்ள சூடாகற காத்து வெளிய போற வழி மண்ணு அடைச்சிருந்தாலும் சீல் நிக்காது. அழுத்தம் எங்கயாவது வெளிய வந்தே தீரும், பலவீனமான இடத்துல வரும். அதையும் ஊதிச் சுத்தம் பண்ணினோம்.

சின்னப் பள்ளம்னா உப்புத்தாள் போட்டு மெருகு ஏத்தி, புதுச் சீலை ரெண்டு மில்லிமீட்டர் தள்ளி உக்கார வச்சா போதும், உதடு புது இடத்துல ஓடும். எங்களுது ஆழம். ஓசூர் லேத்துல மெல்லிசா ஒரு வளையம் கடைஞ்சு தண்டு மேல ஏத்தினோம். சீல் மேல மூணு நம்பர் இருக்கும்: உள் அளவு, வெளி அளவு, தடிமன். கடைக்காரர் குடுத்ததை அப்படியே வாங்காம நம்பரைப் படிச்சு வாங்கணும். படிக்கத் தெரியாதவனுக்கு எதை வேணா தள்ளி விடுவாங்க. ஸ்பிரிங் தெரியற பக்கம் எண்ணெய் இருக்கிற பக்கம் பாத்து வரணும். திருப்பிப் போட்டா வேலை மொத்தமும் வீண். வறட்டு உதட்டோட போடக்கூடாது, முதல் சுத்துலயே கருகிடும். அதனால சீலை எண்ணெயில நனைச்சு எடுத்தேன். தாத்தா தோலுக்கு எண்ணெய் காட்டினது அப்ப ஞாபகம் வந்துச்சு. அவரும் இதைத்தான் செஞ்சார். கசியாம இருக்கணும், வறண்டு போகக்கூடாது.

கட்டை வச்சு நாலு பக்கமும் சமமா தட்டி உக்கார வச்சோம். புதுக் காலரை நல்லா சூடு பண்ணி, தண்டுல போட்டதும் ஆறவிட்டோம். ஷிம் வச்சு ஆட்டம் சரி பாத்தோம். அடுத்த வாரம் வண்டியை நடுவுல பிரிச்சு கயிறு சீலும் மாத்தினோம். கயிறோட நுனி தகட்டை விட முடி அளவு மட்டும் மேல நிக்கற மாதிரி நறுக்கணும். அதை நறுக்க எங்க வீட்ல இருந்த தாத்தாவோட தோல் கத்தியை எடுத்தேன். ஞாபகார்த்தமா ஒண்ணும் இல்ல. பிளேடு நழுவும், அந்தக் கத்தி நழுவாது.

அந்த ஆடியில மழை பெய்ஞ்ச மறுநாள் காலையில எங்க நிலம் உழுதோம். ஒன்பது கலப்பை. ஏழு குடும்பத்து நிலமும் ரெண்டு நாள்ல முடிஞ்சுது. எங்க காலனி சரித்திரத்துல முதல் தடவையா ஊர் நிலத்தோட ஒரே நாள்ல எங்க நிலமும் ஈரத்துல உழுதாச்சு. பொம்பளைங்கதான் முதல்ல நம்பல. எங்க அக்கா மண்ணை அள்ளிப் புடிச்சுப் பாத்து, "இன்னும் ஈரமா இருக்குதுரா"ன்னா. அவ வயசு அப்ப அம்பத்தாறு. ஈர மண்ணுல விதை போட்டது அவளுக்கு அதான் முதல் தடவை.

அப்புறம் ஒண்ணு நடந்துச்சு. யார் எங்களைக் கடைசியா உழுதாங்களோ, அவங்க வண்டியும் சீல் போய் என் கொட்டாய்க்கு வந்துச்சு. வண்டி வந்துச்சு, ஆள் உள்ள வரல. ரோட்டுல நின்னு "டே" ன்னு ஆரம்பிச்சு, பிரேக் இல்லாத வண்டி ஞாபகம் வந்து, "மேஸ்திரி"ன்னு முடிச்சாங்க. வேலையைச் சரியாப் பண்ணினேன். பிரேக்குல வஞ்சனை பண்ணா அதை ஓட்டற டிரைவர் சாவான், அவனும் கூலிக்காரன்தான். முடிச்சுட்டு பில் எழுதினேன். சாமான் இவ்வளவு, கூலி இவ்வளவு, கீழ என் பேர். பில்லைக் கையில குடுத்தேன், பணத்தைக் கையில வாங்கினேன். தூக்கிப் போடறதுன்னா வேணாம்னு முதல்லயே சொல்லிட்டேன். தாத்தா களத்துமேட்டுல விரிச்ச துண்டு எங்க வீட்ல இல்ல.

அருந்ததியருக்கு 3 சதவீத உள்ஒதுக்கீடு 2009-ல் சட்டமா வந்துச்சு. 2024 ஆகஸ்ட் 1-ல் உச்ச நீதிமன்றத்துல ஏழு நீதிபதிகள்ல ஆறு பேர் உட்பிரிவு செல்லும்னு தீர்ப்பு சொன்னாங்க. நல்லது. என்கூட சீல் மாத்தின மூணு பசங்கள்ல ஒருத்தன் அந்த வழியில ஐ.டி.ஐ. சேர்ந்தான். ஆனா சீட்டு கிடைக்கிறது மட்டும் போதாது. உள்ள போனப்புறம் அவனைக் கழுவற வேலையில நிறுத்தாம ஸ்பேனர் குடுக்கிறாங்களான்னு பாக்கணும். கம்பெனி கேட்டுக்குள்ள போனப்புறம் எந்த ஷாப்புல போடறாங்கன்னு பாக்கணும். சீலை மாத்தி இருக்கு. தண்டைப் பாக்கறவங்க குறைவு.

படிச்ச தோழர்கள்கிட்ட ஒண்ணு கேட்டுக்கறேன். நம்ம தாத்தா பாட்டிங்க கையில என்னென்ன கணக்கு இருந்துச்சுன்னு எழுதுங்க. அழுத கதையை எழுதினோம், அது வேணும். அடிபட்ட கதையை எழுதினோம், அதுவும் வேணும். தோல் எத்தனை நாள் ஊறணும், பறையை எவ்வளவு சூட்டுல காச்சணும், பிரசவம் பாக்கற கை எந்த எடத்துல அழுத்தும், இதெல்லாம் தெரிஞ்சவங்க ஒவ்வொருத்தரா போயிட்டு இருக்காங்க. தீட்டுன்னு சொல்லி அவங்க ஒதுக்கினது ஒரு வித்தையை. அதை எழுதி வச்சா அடுத்து வர்றவன் கழுவற இடத்துல இருந்து ஆரம்பிக்க வேண்டியதில்ல.

எங்க 1035 இன்னும் ஓடுது. இடது பக்கம் சீல் போன வருஷம் கசிய ஆரம்பிச்சுது. அதை அந்தப் பசங்களே மாத்தினாங்க. நான் பக்கத்துல நின்னு பாத்தேன், ஸ்பேனர் தொடல.